தம்பி சிறையில் இருக்கிறான், ஜாமீன் மனு தள்ளுபடி: அடுத்து என்ன செய்வது?

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அப்பா இல்லாத வீடு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். இவருக்கு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஊர்த் திருவிழாவில் மைக் செட் விஷயமாகத் தொடங்கிய வாய்த்தகராறு கைகலப்பாகி, எதிர்த்தரப்பில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட்டிருக்கிறார்கள். அவர் மேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்து, ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிட்டார். லோடு வேன் ஓட்டும் 22 வயதுத் தம்பியைக் கைது செய்து, ரிமாண்ட் செய்து, மத்திய சிறையில் அடைத்து 19 நாள் ஆகிறது. எஃப்.ஐ.ஆரில் கொலை முயற்சிப் பிரிவும் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடி.

"எங்க வக்கீல் ரெண்டு நிமிஷம்கூடப் பேசல. யார் முதல்ல அடிச்சாங்கன்னு சொல்லவே இல்ல. கேஸு தோத்த மாதிரிதானா?" என்று கேட்கிறார். இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆரில் "மற்றும் சிலர்" என்று இருப்பதால் அண்ணன் பயந்துபோய் திருப்பூரில் இருக்கிறார், அது சரியா? தம்பி மேல் இரண்டு வருடத்துக்கு முந்தைய சின்ன அடிதடி வழக்கு ஒன்று இருக்கிறது, அதை வக்கீலிடம் சொல்லாமல் விட்டால் நல்லதா? ஐம்பதாயிரம் கொடுத்தால் "மேல பேசி" ஜாமீன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? ஜாமீன் கையெழுத்துப் போட்டால் சொத்து போய்விடும் என்று சித்தப்பா மறுக்கிறார். பெயில் எடுத்தால் குண்டாஸ் போடுவோம் என்று ஸ்டேஷனில் ஒருவர் மிரட்டியிருக்கிறார். கடைசியாக, அம்மா சிறையில் போய்ப் பார்க்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மதுரைக் கோர்ட்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் குற்றவழக்குகளில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) தரப்பில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் உங்களைப் போன்ற ஓர் அக்காவையோ அம்மாவையோ பார்க்காத நாள் கிடையாது. உள்ளே என்ன நடந்தது என்று யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். ஜாமீன் மனு தள்ளுபடியானதால் வழக்கு தோற்றுவிடவில்லை. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை, போலீஸ் விசாரணைதான் நடக்கிறது. அந்த மாஜிஸ்திரேட்டின் கை பாதி கட்டப்பட்டிருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கொலை முயற்சிக்கான 109-ஆம் பிரிவில், அடிபட்டவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்ததாக நம்ப நியாயமான காரணம் தெரிந்தால், மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 480-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள், சிறுவர்கள், நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் 109 போட்ட வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தள்ளுபடியாவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. உங்கள் வக்கீல் சுருக்கமாகப் பேசியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை உங்களிடம் சொல்லாமல் விட்டது தவறு.

உங்களுக்கான சரியான இடம் அதற்கு மேலே உள்ள செஷன்ஸ் கோர்ட். அதே சட்டத்தின் 483-ஆம் பிரிவில் செஷன்ஸ் நீதிபதிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் உலகநேரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 2004-க்கு முன்னால் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போது மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

யார் முதலில் அடித்தது என்பது அங்கே பேச வேண்டிய விஷயமா?

இதுதான் உங்களுக்கு மனத்தாங்கல் என்று தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் வக்கீல் அதைப் பேசாதது பெரிய குறை இல்லை. ஜாமீன் விசாரணையில் சாட்சி யாரும் கூண்டில் ஏற மாட்டார்கள். யார் முதலில் கைநீட்டியது, கட்டை யார் கையில் இருந்தது என்பதெல்லாம் பின்னால் வழக்கு விசாரணையில் தெரிய வேண்டியவை. இப்போதே நீட்டி முழக்கினால், நம் தரப்பு என்ன என்பதை எதிர்த்தரப்பு முன்கூட்டியே தெரிந்துகொள்ளும்.

ஜாமீன் கோர்ட்டின் கேள்விகள் வேறு. இந்தப் பையனை வெளியே விட்டால் கூப்பிட்ட நாளில் வருவானா? சாட்சிகளை மிரட்டுவானா? திரும்பவும் தகராறு செய்வானா? போலீஸ் விசாரணைக்கு அவன் உள்ளே இருப்பது இன்னும் அவசியமா? குற்றம் எவ்வளவு கடுமையானது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஜாமீனே விதி, சிறை விலக்கு என்ற கொள்கையை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-லேயே பால்சந்த் வழக்கில் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் வாசித்து நான் ஒரு ஜாமீனும் வாங்கியதில்லை. அந்த நாலு கேள்விக்கும் உங்கள் தம்பியின் வாழ்க்கையிலிருந்து பதில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பதில்கள் என் சட்டப் புத்தகத்தில் இல்லை, உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன.

செஷன்ஸ் கோர்ட்டில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். மனு போட்டதும் அரசு வழக்கறிஞருக்கு நோட்டீஸ் போகும். அவர் போலீஸிடம் விவரம் கேட்டு வாங்குவார். அன்றைக்கு அவர் எழுந்து சொல்லப் போவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: விசாரணை நிலுவையில் இருக்கிறது, ஆயுதத்தால் தலையில் தாக்கியிருக்கிறார், இன்னொரு எதிரி தலைமறைவு, முன் வழக்கு இருக்கிறது, ஊரில் மறுபடி பிரச்சினை வரும். இந்த ஐந்துக்கும் ஒவ்வொன்றாகப் பதில் வைத்திருக்கும் வக்கீலுக்குப் பத்து நிமிடம் போதும். பதில் இல்லாதவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் பயனில்லை.

தலைக்காயம் என்றால், அடிபட்டவர் ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார் என்பதைத் தேதியோடு சொல்ல வேண்டும். காயச் சான்றிதழ் போலீஸ் ஃபைலில் இருக்கும். காயம் சாதாரணமானதா கொடுங்காயமா என்று அதைப் பார்த்துச் சொல்லும்படி கோர்ட் மூலமாகவே கேட்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: காயம் சாதாரணம் என்பதாலேயே 109 தானாக விழுந்துவிடாது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள். ஆனால் முன்விரோதம் இல்லாமல், திருவிழாக் கூட்டத்தில், கையில் கிடைத்ததை எடுத்து ஒரு அடி என்றால், எண்ணத்தைப் பற்றிய கேள்வி பலமாகவே எழும்.

ஆயுதத்தைப் போலீஸ் ஏற்கெனவே கைப்பற்றிவிட்டதா என்று ரிமாண்ட் அறிக்கையில் பாருங்கள். கைப்பற்றியிருந்தால், விசாரணைக்கு அவர் உள்ளே இருக்க வேண்டும் என்ற வாதம் பாதி போய்விடும்.

ஊரில் பிரச்சினை வரும் என்பதற்குத்தான் பெரும்பாலான குடும்பங்கள் பதில் கொண்டுவருவதில்லை. உங்களுக்கு வெளியூரில் அத்தை, மாமா யாராவது இருக்கிறார்களா? திருமங்கலத்திலோ விருதுநகரிலோ தம்பி போய்த் தங்கட்டும். அங்கே உள்ள காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போடுகிறோம், கோர்ட் சொல்லும்வரை ஊருக்குள் வரமாட்டோம் என்று உங்கள் வக்கீல் தானாகவே முன்வந்து சொல்ல வேண்டும். நீதிபதி மனதில் இருக்கும் கவலைக்கு நாமே ஒரு வழி காட்டினால், அவர் ஜாமீன் கொடுப்பது சுலபமாகிறது. அந்த உறவினரின் ஆதார் நகலையும், தம்பியை வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் கூடவே வையுங்கள்.

அப்புறம், ஊரில் அவருக்கு வேர் இருக்கிறது என்பதைக் காட்டும் காகிதங்கள். ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வேன் முதலாளியிடம் ஒரு கடிதம் (எத்தனை வருடமாக ஓட்டுகிறார், திரும்ப வந்தால் வேலை உண்டா), அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு. இவற்றை விசாரணை நாள் காலையில் பையோடு கொண்டுவந்து நீட்டாதீர்கள். மனு போடும்போதே சேர்க்க வேண்டும்.

தம்பிக்கும் தோளில் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கும், அந்தப் பதிவை வக்கீல் பார்க்க வேண்டும். இரு தரப்பும் மோதிக்கொண்டார்கள் என்று காட்ட அது உதவும். கைதுக்கான காரணங்களைத் தம்பிக்கு எழுத்தில் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். காரணத்தைத் தெரிவிக்காமல் செய்த கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் விஹான் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் குறை இருந்தால் அது தனியாக ஒரு பலமான வாதம்.

பழைய வழக்கை மறைக்கலாமா?

கூடாது. அரசு வழக்கறிஞர் கையில் இருக்கும் முதல் விவரமே அதுதான். நம் வக்கீல் "முன் வழக்கு எதுவும் இல்லை" என்று சொல்லி, அடுத்த நிமிடமே அவர் அந்த வழக்கின் எண்ணோடு எழுந்தால், அதற்குப் பின்னால் நாம் சொல்வது எதையும் நீதிபதி நம்ப மாட்டார். இதை என் கண்முன்னே பார்த்திருக்கிறேன். குடும்பம் மறைத்தது, வக்கீல் தலைகுனிந்தார், பையன் மேலும் ஒரு மாதம் உள்ளே இருந்தான். நீங்களே சொல்லிவிட்டால் அதே வழக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பலாம். இரண்டு வருடமாக அந்த வழக்கில் தம்பி எல்லா வாய்தாவுக்கும் போயிருந்தால், கூப்பிட்டால் வருவார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எது?

முன்னால் போட்டுத் தள்ளுபடியான ஜாமீன் மனுவையும் புதிய மனுவில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 2024-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது.

அண்ணன் திருப்பூரில் இருப்பது

சகோதரி, இது உங்கள் தம்பியைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. "இன்னொரு எதிரி தலைமறைவு, இவரை விட்டால் இவரும் போய்விடுவார்" என்று சொல்ல அரசுத் தரப்புக்கு நாமே இடம் கொடுக்கிறோம். அண்ணன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லாவிட்டாலும், கைதாகலாம் என்று நியாயமான பயம் இருந்தால் 482-ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். கேட்பதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஒளிந்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த மனுவின் பலத்தைக் குறைக்கிறது. இந்த வாரமே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிபட்டவர் எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை. எஃப்.ஐ.ஆரில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் இருந்தால் நான் சொன்னது மாறும். அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. ஜாமீன் மனுவும் அதற்கான சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவரின் பேச்சையும் அங்கே கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இதைப் பாருங்கள்.

அடிபட்டவர் வீட்டுக்குப் போய் சமாதானம் பேசலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது வேண்டாம். நீங்கள் கையைப் பிடித்து அழுதாலும், மிரட்டினார்கள் என்று ஒரு புகார் வந்தால் ஜாமீன் அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவ நினைத்தால் அதை வக்கீல் மூலம் கோர்ட்டில் சொல்லட்டும்.

சித்தப்பாவின் பயமும் ஐம்பதாயிரமும்

ஜாமீன் என்றதும் கோர்ட்டில் கட்டுக்கட்டாகப் பணம் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர் என்று உத்தரவு வந்தால், அது இருவரும் கொடுக்கும் உறுதிமொழி. தம்பி ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வரும்வரை சித்தப்பாவின் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. வராமல் ஓடிவிட்டால்தான் அந்தத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், அதுவும் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகு. நம்பிக்கை போய்விட்டால் நடுவிலேயே விலகிக்கொள்ளவும் சித்தப்பாவுக்கு வழி உண்டு. வீட்டு வரி ரசீது அல்லது பட்டா, ஆதார், போட்டோ இவற்றோடு இரண்டு பேரைத் தயாராக வையுங்கள். உத்தரவு வந்த பிறகு ஆள் தேடிக்கொண்டு, அதனாலேயே வாரக்கணக்கில் உள்ளே கிடக்கிறவர்கள் ஏராளம். கோர்ட் வாசலில் காசுக்கு சூரிட்டி போட வருகிறவர்கள் பக்கமே போக வேண்டாம். பத்திரம் போலி என்றால் புது வழக்கு வரும்.

உங்களால் இரண்டு பேரைக் கொண்டுவரவே முடியாமல் போனாலும் வழி இருக்கிறது. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஏழைக்கு எட்டாத ஜாமீன் கேட்கக் கூடாது என்பது அன்றிலிருந்தே சட்டம். 2023 ஜனவரியில் இன்னும் தெளிவாக்கினார்கள்: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர்களைக் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம்.

"மேல பேசி" வாங்கித் தருகிறவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஜாமீன் கிடைத்தால் தன்னால்தான் என்பார், கிடைக்காவிட்டால் தொகை போதவில்லை என்பார். அந்தப் பணத்துக்காக அம்மாவின் தோட்டை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை உடனே எழுத உட்கார்ந்தேன். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஜாமீன் மனுவையே நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இப்போதைய வக்கீலை மாற்றுவதும் உங்கள் உரிமைதான். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை அவரிடம் உட்கார்ந்து, நான் மேலே எழுதியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

குண்டாஸ் மிரட்டல்

குண்டாஸ் என்பது 1982-ஆம் வருடத் தமிழ்நாடு 14-ஆம் சட்டம். அதில் ஒருவரை ஒரு வருடம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். பயப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்த உத்தரவை ஸ்டேஷனில் போட முடியாது, மாவட்ட ஆட்சியர் போட வேண்டும். ஒரு திருவிழாத் தகராறு பொது ஒழுங்கையே குலைத்தது என்று காட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. அப்படியே போட்டாலும் அந்த உத்தரவைப் பரிசீலிக்க அறிவுரைக் கழகம் இருக்கிறது, மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. அந்த மிரட்டலுக்காக ஜாமீன் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

நாட்களை எண்ணிக்கொண்டே வாருங்கள்

காலண்டரில் ரிமாண்ட் தேதியைக் குறித்து வையுங்கள். 109 இருக்கும்வரை, 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். விசாரணையில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியதற்கான 118(1) மட்டும் என்று மாற்றினால் அது 60 நாளாகக் குறையும், மாஜிஸ்திரேட்டே ஜாமீன் கொடுக்கவும் வழி திறக்கும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் நாள் முடிந்ததும் தானாகக் கதவு திறந்துவிடாது. குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன் நாம் மனு போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் அந்த உரிமை போய்விடும். இது கடைசிக் கதவு மட்டுமே. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் மனுக்களைப் பொதுவாக இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று 2022-ல் சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வெளியே வந்த பிறகு கையெழுத்து நிபந்தனையை ஒரு நாளும் விடக் கூடாது. காய்ச்சல் என்றால்கூட வக்கீல் மூலம் தெரிவித்து, மருத்துவச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரம் ஒழுங்காகப் போட்டால் நிபந்தனையைத் தளர்த்த மனு கொடுக்கலாம். வேன் ஓட்டுகிறவருக்கு அது முக்கியம்.

அம்மா சிறையில் போய்ப் பார்க்கலாம். ஆதார் கார்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எந்தெந்த நாளில் பார்க்க விடுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நின்று வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். செஷன்ஸில் மனு போடுகிறோம், வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கச் சம்மதமா என்று மட்டும் கேட்டு வரட்டும். தம்பி சரி என்று சொல்லிவிட்டால், அந்த உறவினரிடம் கடிதத்தை வாங்குவதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.